பின் கண்ணாடிய ஏத்து

ஹார்ட்வெல், மிச்சிகன்
ஏப்ரல் 14, 1990

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலத்தையும், அத்தான் ஹோவர்டின் மூச்சிரைப்பு குறைந்ததா என்பதையும் எழுது. இங்கே பனி உருகி ஊரெல்லாம் சேறு.

கப்பல் கிளம்பிவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அப்பா போனதிலிருந்து ஷெட்டில் தார்ப்பாய் மூடிக் கிடந்த, நாம் கப்பல் என்று கூப்பிட்ட அதே பழைய நீள ஸ்டேஷன் வேகன் கார்தான். எலிக்கூட்டை எடுத்துப் போட்டேன், பாட்டரி மாற்றினேன், சாவியைத் திருப்பினேன். முதலில் இருமியது. அப்புறம் அப்பா காலையில் எழுந்ததும் தொண்டையைச் செருமுவாரே, அதே மாதிரி ஒரு சத்தம். பிறகு ஓட ஆரம்பித்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். இந்த வரியை ஹோவர்டுக்குப் படித்துக் காட்டாதே.

இரண்டு பக்கமும் ஒட்டியிருந்த பொய் மரப்பலகை வெயில் பட்ட தோல் மாதிரி உரிகிறது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைசி சீட்டை நிமிர்த்திப் பார்த்தேன். பின்பக்கம் பார்த்த நம்ம சீட்டு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வரப்போகிற ரோடு தெரியும், நமக்கு விட்டுவிட்டு வந்த ரோடு மட்டும்தான் தெரியும். சீட்டுக்கு அடியில் நீ ஒட்டிய சூயிங்கம் கல்லாகிக் கிடக்கிறது.

பின் கண்ணாடி இன்னும் இறங்குகிறது, தெரியுமா. அப்பா இரவு ஷிஃப்டு முடித்து வந்து முன் சீட்டில் தூங்க, அம்மா ஏரிக்கு ஓட்டுவாள். நாம் வெந்துபோகிறோம் என்று கெஞ்சினால் பட்டனை அழுத்தி அதை இறக்கிவிடுவாள். முழிப்பு வந்ததும் அப்பா கத்துவார்: "பின் கண்ணாடிய ஏத்து. எத்தன தடவ சொல்றது ஒனக்கு." ஏன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது கத்த ஆள் இல்லை. நேற்று அதை முழுக்க இறக்கிவிட்டுத்தான் ஊரைச் சுற்றினேன்.

உன் தம்பி,
க்ளென்

மேசா, அரிசோனா
மே 20, 1990

அன்புள்ள க்ளென்,

நாங்கள் சுகம். ஹோவர்டுக்கு இரவில் மட்டும் கொஞ்சம் இழுக்கிறது. இந்த ஊர்க் காற்று நல்லது என்று டாக்டர் சொல்கிறார், அதற்காகத்தானே இந்த அடுப்புக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஷீலா உன்னை விட்டுப் போன பிறகு நீ டப்பாவில் வருவதைத்தான் தின்பாய் என்று எனக்குத் தெரியும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. லாரிக்காரர்களைப் பார்த்து நாம் கையை மேலே தூக்கி இழுத்துக் காட்டுவோம், அவர்கள் ஹார்ன் அடிப்பார்கள், அம்மா தூக்கிவாரிப் போட்டு ஸ்டியரிங்கை ஆட்டுவாள். அப்பா ஏன் கத்தினார் என்று எனக்குத் தெரியும். பாலம் தாண்டும்போது உன் ஷூவை நான் அந்தக் கண்ணாடி வழியாகத்தானே வெளியே போட்டேன். அந்த மனுஷருக்கு ஷூ வாங்கி மாளாது என்ற கவலை.

அதெல்லாம் போகட்டும், அந்த சீட்டில் வந்த தூக்கம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, உலகமே தெரியாமல். ஏரிக்கரையில் அம்மா உலுக்கி உலுக்கி எழுப்புவாள். அப்படி ஒரு தூக்கம் எனக்கு அதற்கப்புறம் வாய்த்ததே இல்லை. இப்போது மாத்திரை போட்டாலும் பாதிதான்.

வீட்டுக் கூரை ஒழுகியதே, சரி பண்ணினாயா? உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
மார்லீன்

ஹார்ட்வெல்
ஜூலை 6, 1990

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் கப்பலை விட்டேன். போருக்குப் போய்வந்த பெரியவர்களை நடுவில் அடைத்து, கடைசி சீட்டில் கொடி பிடித்த குழந்தைகளை உட்காரவைத்து, நடந்து போகிற வேகத்தில் மெயின் ரோட்டில் ஓட்டினேன். இரண்டு பக்கமும் ஜனங்கள் எழுந்து நின்றார்கள். கார் ஆலையில் வேலை பார்த்த கிழவர்கள் அதன் விலாவைத் தட்டிக்கொடுத்தார்கள். ஒருத்தர் சொன்னார்: "இத நாங்க செஞ்சோம்டா. இந்த ஊர்ல, இந்தக் கையால. இப்ப என்னத்த செய்யறானுங்க, சோப்பு டப்பா." நகரத்திலிருந்து வந்த ஒரு ஆள் விலைக்குக் கேட்டான். காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஆலையை மூடிவிட்டார்கள். செய்தியில் பார்த்திருப்பாய். நிரந்தரமாக இல்லை என்று சிலர் சொல்கிறார்கள், கேட்டை வெல்டிங் வைத்து அடைத்திருக்கிறார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டும் உண்மைதான்.

இனிமேல் வெர்னா கடை முகவரிக்கு எழுது. ஹைவேயில் முட்டையும் காபியும் போடுகிற கடை. நான் அங்கேதான் அதிகம் இருக்கிறேன். வீட்டுக்கு வருகிற தபால் சரியாகக் கைக்குக் கிடைப்பதில்லை.

க்ளென்

மேசா
ஆகஸ்ட் 12, 1990

அன்புள்ள க்ளென்,

ஹோவர்டுக்கு நெஞ்சுச்சளி வந்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தோம், அதனால்தான் இந்தத் தாமதம். இப்போது பரவாயில்லை. உனக்கு எப்படி இருக்கிறது?

ஆலைச் செய்தியைப் பார்த்தோம். அப்பா இல்லாமல் போனது நல்லதுதான் என்று ஹோவர்ட் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது, பிறகு எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உனக்கு வேறு ஏதாவது வேலை கிடைக்கும், உன் கைக்கு வேலை தெரியும்.

யார் அந்த வெர்னா? தபால் வாங்குகிற அளவுக்கு நெருக்கமா? முட்டை பொரித்துப் போடுகிறவளைப் பிடித்துக்கொண்டால் பட்டினி கிடக்க வேண்டாம். நான் நிஜமாகத்தான் சொல்கிறேன்.

எங்கள் போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன். வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தது. நான் பெருத்திருக்கிறேன், சிரிக்காதே. வீட்டை என்ன பண்ணினாய் என்று நீ எழுதவே இல்லையே.

மார்லீன்

ஹார்ட்வெல்
செப்டம்பர் 9, 1990

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். ஹோவர்ட் தேறியதில் சந்தோஷம்.

போட்டோ கிடைத்தது. நீ பெருக்கவில்லை. ஆனால் உன் தோளுக்குப் பின்னால் ஒரு காரின் மூக்கு தெரிகிறது. ஜப்பான் மூக்கு. நம்ம ஆலையை மூடவைத்த நாட்டுக் கார். எத்தனை வருஷமாக "எங்க சின்ன கார், எங்க சின்ன கார்" என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்தாய் என்று இப்போது புரிகிறது. யூனியன் ஆபீஸ் வாசலில் அந்த மாதிரி காரை நிறுத்தினால் நம்ம ஆட்கள் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும். அந்த ஆலையில் கதவு மாட்டிக் கதவு மாட்டியே முதுகு வளைந்தவரின் மகள் நீ. வெர்னாவிடம் காட்டினேன். "ஒங்க அக்காவுக்கு அது கட்டுப்படியாகுதுன்னா ஒனக்கென்னப்பா வயித்தெரிச்சல்" என்றாள். அவளுக்கு அறுபத்தைந்து வயது, அதனால் நீ கல்யாணக் கனவு காண வேண்டாம்.

வீட்டைப் பற்றி இரண்டு முறை கேட்டுவிட்டாய். வீடு இருக்கிறது. அதே இடத்தில்தான் இருக்கிறது. அதில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள். தவணை முன்பே பாக்கி, வேலை போனதும் பாங்கு எடுத்துக்கொண்டது. நான் வண்டியை வெர்னா கடைக்குப் பின்னால் நிறுத்திக்கொள்கிறேன். சீட்டையெல்லாம் மடக்கினால் கப்பலில் கால் நீட்டிப் படுக்கலாம், உன் சோப்பு டப்பாவில் முடியாது. பின் கண்ணாடியை இறக்கிவிட்டு நட்சத்திரம் பார்த்துக்கொண்டு தூங்குகிறேன். திட்ட ஆள் இல்லை என்று சொன்னேனே.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். பனி விழுவதற்கு முன்னால் அங்கே வரட்டுமா? கொஞ்ச நாளைக்குத்தான். வண்டி அவ்வளவு தூரம் தாங்கும், எஞ்சினைப் பார்த்துவிட்டேன். உங்களுக்குத் தொந்தரவாக இருந்தால் வாசலில் வண்டியிலேயே படுத்துக்கொள்வேன். பதில் எழுது.

க்ளென்

மேசா
அக்டோபர் 28, 1990

அன்புள்ள க்ளென்,

நலமா? இங்கே வெயில் இப்போதுதான் இறங்கியிருக்கிறது. ஹோவர்டுக்கு ஆக்சிஜன் உருளை வைத்திருக்கிறார்கள், படுக்கையறையில் பாதி அதற்கே போய்விட்டது. நான் அவரை விட்டு நகரவே முடிவதில்லை. எலுமிச்சை மரம் காய்த்திருக்கிறது.

வீட்டைப் பற்றி எழுதியிருந்தாய். அம்மாவின் சமையலறையில் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாங்கள் இருக்கிற இந்த ஓய்வுபெற்றோர் குடியிருப்பில் எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். ஐம்பத்தைந்து வயதுக்குக் குறைந்தவர்கள் இரண்டு வாரத்துக்கு மேல் தங்கக் கூடாது. வாசலில் பழைய வண்டி நிற்கக் கூடாது. எதிர்வீட்டுக்காரி ஜன்னலிலேயே உட்கார்ந்திருப்பவள். ஹோவர்டிடம் பேசிப் பார்த்தேன். வசந்தத்தில் வா, க்ளென். ஏப்ரலில் அவருக்கும் கொஞ்சம் தேவலையாக இருக்கும், நானும் குடியிருப்பு ஆபீஸில் கேட்டு வைக்கிறேன்.

கம்பளி சாக்ஸும் ஒரு போர்வையும் அனுப்பியிருக்கிறேன். குளிரில் இருக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
மார்லீன்

ஹார்ட்வெல்
நவம்பர் 16, 1990

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சாக்ஸ் சரியாக இருக்கிறது. ஹோவர்டை நான் விசாரித்ததாகச் சொல்.

வசந்தமே நல்லது. நானும் அதைத்தான் நினைத்தேன். உன் ஊர்ச் சட்டத்தை எனக்காக வளைக்க வேண்டாம்.

நேற்று மான் வேட்டை தொடங்கியது. ஊரில் ஆண்பிள்ளை என்று ஒருத்தன் இல்லை. ஆலை ஓடிய காலத்தில் அன்றைக்குக் கார் பூட்டும் லைனே நின்றுபோகும், ஞாபகமிருக்கிறதா? இப்போது நிற்பதற்கு லைன் இல்லை, ஆனாலும் எல்லோரும் போய்விட்டார்கள். முழங்கால் வரை பனி.

கப்பலுக்கு ஒரு சின்னக் கோளாறு. பின் கண்ணாடி ஒரு சாண் கீழே இறங்கி நின்றுகொண்டது. கதவுக்குள் இருக்கிற மோட்டார் போய்விட்டது போலிருக்கிறது. குளிரில் விரல் மடங்கமாட்டேன் என்கிறது, கதவைக் கழற்ற முடியவில்லை. நீ அனுப்பிய போர்வையை அந்தச் சந்தில் திணித்து வைத்திருக்கிறேன். எஞ்சினை ஓடவிட்டால் ஹீட்டர் நன்றாகவே சூடு தருகிறது. காலையில் தலை கனக்கிறது, வெர்னா காபி ஊற்றியதும் சரியாகிவிடும். ஏரிக்குப் போய் இறங்கியதும் நமக்கு மண்டை இடிக்குமே, வெயில் பட்டுவிட்டது என்று அம்மா ஆஸ்பிரின் தருவாளே, அதே மாதிரி ஒரு இடி. எனக்கு அந்த வலிகூடப் பிடித்திருக்கிறது.

"உள்ள வந்து பெஞ்சுல படுத்தா கிரீடம் எறங்கிடுமோ" என்று வெர்னா தினமும் திட்டுகிறாள். இப்போதெல்லாம் எனக்குக் கடைசி சீட்டில்தான் தூக்கம் வருகிறது, அக்கா. நீ சொன்ன அதே தூக்கம்.

க்ளென்

மேசா
நவம்பர் 22, 1990, நன்றித் திருநாள்

க்ளென்,

முதலில் இதைச் செய். எஞ்சினை நிறுத்து. வண்டியைவிட்டு இறங்கு. மீதியை வெர்னாவின் கடைக்குள் உட்கார்ந்து படி.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. நீ மறுபடியும் வரட்டுமா என்று கேட்டிருப்பாயோ என்று பயந்து, பிரிக்காமல் குளிர்ப்பெட்டியின் மேல் வைத்துவிட்டேன். இன்று மத்தியானம் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, வழக்கப்படி ஒவ்வொருவராக எதற்கு நன்றி என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தபோது, எனக்கு ஒரு தம்பி இருப்பதற்கு நன்றி என்று சொல்லி, வேடிக்கையாக இருக்கும் என்று உன் கடிதத்தைப் பிரித்து வாசித்தேன். நம்ம கார் கதை என்றால் எல்லோரும் சிரிப்பார்கள்.

ஹோவர்டின் சிநேகிதர் எல்மர் வந்திருந்தார். மெக்கானிக்காக இருந்தவர். தலை கனக்கிறது என்ற இடம் வந்ததும் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "அந்த வண்டில பின் கண்ணாடி தொறந்திருக்கவே கூடாதும்மா. அதோட பின்புறம் மொட்டையா இருக்கும். கண்ணாடி தொறந்திருந்தா சைலன்சர் பொகை அப்படியே சுத்தி உள்ள வந்துரும். வாசன தெரியாது. தூக்கம் வரும், தல வலிக்கும், அவ்ளோதான் தெரியும். நின்ன வண்டின்னா இன்னும் மோசம்" என்றார். வான்கோழியை யாரும் தொடவில்லை.

க்ளென், அது தூக்கம் இல்லையடா. நாம் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடந்தது தூக்கமே இல்லை. அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கதவை மாட்டியவர் அவர்தானே. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை காரணம் சொல்லியிருக்கலாம்.

வெர்னா கடைக்குப் போன் போட்டேன், அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. பண்டிகைக்குக் கடையை மூடியிருப்பாள். உங்கள் ஊர் போலீசுக்கும் போட்டேன். பனி கொட்டுவதாகவும், ரோடு திறந்ததும் ஆள் அனுப்புவதாகவும் சொன்னார்கள். மறுபடி மறுபடி போட்டுவிட்டேன். சும்மா உட்கார முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வா. வசந்தம் வேண்டாம். இப்போதே வா. எதிர்வீட்டுக்காரி பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும். ஹாலில் கட்டில் போட்டாயிற்று, ஹோவர்டே நெட்டித் தள்ளிப் போட்டார். அந்த வண்டியில் வராதே, பஸ்ஸில் வா.

அக்கா

ஹார்ட்வெல்
டிசம்பர் 3, 1990

மார்லீன் அவர்களுக்கு,

நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். எனக்கு அப்படி எழுத மனசு வரவில்லை. போலீஸ்காரர்கள் உங்களுக்கு எல்லாம் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்லாததை நான் எழுதுகிறேன்.

பண்டிகைக்கு மகள் வீட்டுக்குப் போனேன். க்ளெனையும் கூப்பிட்டேன். "குடும்பத்துக்குள்ள நான் எதுக்கு வெர்னா. சனிக்கிழம வரும்போது பண்டிகைக்குச் சுட்ட பூசணி இனிப்பு ஒரு துண்டு எடுத்துட்டு வா, போதும்" என்றான். கடைச் சாவியைக் கையில் திணித்தேன், சிரித்துக்கொண்டே திரும்ப என் கோட்டுப் பையில் போட்டுவிட்டான். போகிற வழியில்தான் பார்த்தேன். திரும்பி வந்து கொடுத்திருக்க வேண்டும்.

பனி அதிகமானதால் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் போலீஸ் அங்கே வர முடிந்தது. பெட்ரோல் தீரும்வரை எஞ்சின் ஓடியிருக்கிறது. திணித்திருந்த போர்வை உள்ளே விழுந்து கிடந்தது. மற்ற சீட்டையெல்லாம் மடக்கியிருந்தான், கடைசி சீட்டை மட்டும் நிமிர்த்தி, அதில் முழங்காலை மடக்கிப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தபடி இருந்தான். கஷ்டப்பட்ட முகமாக இல்லை. கன்னம் சிவந்து, ஓடி விளையாடிவிட்டு வந்தவன் மாதிரி இருந்தது என்று அந்த அதிகாரி சொன்னார்.

பக்கத்துக் கண்ணாடி ஓரத்தில் உங்கள் போட்டோவை ஒட்டிவைத்திருந்தான். நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் இருக்கிறீர்கள். பின்னாலிருந்த காரைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டிருக்கிறான். எங்கள் கடைக் கத்தரிக்கோல்தான், போன மாதம் கேட்டு வாங்கினான்.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பிரிக்கவில்லை. இதோடு வைத்திருக்கிறேன்.

ஆலை ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். வண்டியைச் சுற்றித் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள். ஒருத்தரும் அதைத் தொடவில்லை. அதை என்ன செய்வது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வெர்னா

மேசா
ஜனவரி 11, 1991

அன்புள்ள வெர்னா,

சுகமா என்று நான் கேட்கிறேன், நீங்கள் உண்மையைச் சொல்லுங்கள். என் தம்பி ஒவ்வொரு கடிதத்திலும் நலம் என்றுதான் தொடங்குவான். நானும் ஒவ்வொரு கடிதத்திலும் உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதினேன். இரண்டு பேரும் மரியாதையாக எழுதிக்கொண்டோம்.

சாவியை நினைத்து நீங்கள் உங்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவனுக்குத் திறக்க வேண்டிய கதவு உங்களுடையது இல்லை. செப்டம்பரில் கேட்டான், நான் எலுமிச்சை மரத்தைப் பற்றி எழுதினேன்.

ஹாலில் போட்ட கட்டிலை இன்னும் எடுக்கவில்லை. ஹோவர்ட் உருளையை இழுத்துக்கொண்டு அதைச் சுற்றித்தான் போகிறார். எதிர்வீட்டுக்காரி துக்கம் கேட்க வந்தாள். தம்பி வந்திருந்தால் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டோமே என்றாள்.

எனக்கென்று மிச்சமிருந்த நல்லது அந்த சீட்டில் வந்த தூக்கம் ஒன்றுதான் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். இப்போது கண்ணை மூடவே பயமாக இருக்கிறது.

வண்டியை யாருக்கும் விற்க வேண்டாம். ஊர்வலத்துக்கும் கொடுக்க வேண்டாம். நசுக்கிப் போடச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன்னால் அந்த ஆலை ஆட்களிடம் எனக்காக ஒரு உதவி கேளுங்கள். பின் கதவைக் கழற்றி, அந்தக் கண்ணாடியை மேலே ஏற்றிவிட வேண்டும். பாதியில் விடாமல் முழுக்க ஏற்ற வேண்டும். ஏற்றியதும் உள்ளங்கையால் ஒரு தடவை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஏரிக்குக் கிளம்பும்போது அப்பா அப்படித்தான் அழுத்திப் பார்த்துவிட்டு வந்து உட்காருவார்.

இப்படிக்கு,
மார்லீன்